வீதம் மாமா

கட்டைபறிச்சானில் ஒரு இறாத்தல் பாண் வாங்க அரசியல் அறிவு தேவையில்லை. வீதம் மாமா தேத்தண்ணிக் கடை வாங்கில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் போதும். அப்படியொரு நேரத்தை ஊரில் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வீதம் மாமா என்பது ஒருவருடைய பெயரல்ல, பதவி. சேனையூரில் ஒருவர் இருக்கிறார். கிளிவெட்டியில் ஒருவர். மூதூருக்குப் போனால் அதே பதவியை வீதம் காக்கா என்ற பெயரில் இரண்டு பேர் எதிரெதிர்க் கடைகளில் இருந்து வகிக்கிறார்கள். ஒருவர் முடிவை மற்றவர் ஏற்பதில்லை. சம்பூர்ச் சனம் கிட்டத்தட்டப் பத்து வருட அகதி வாழ்க்கை முடிந்து ஊர் திரும்பியபோது, கிணறு இறைக்க முதலே அங்கேயும் ஒருவர் முளைத்துவிட்டார் என்று கேள்வி.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கூட்டுறவுச் சங்கத்திலோ தபால் கந்தோரிலோ நீர்ப்பாசனத்திலோ இருந்து பென்சன் எடுத்தவர். சேட்டுப் பையில் நீலப் பேனை, நாலாக மடித்த கடதாசி. சொந்தப் பிள்ளைகளின் பிறந்த திகதி கேட்டால் மாமியைக் கூப்பிடுவார். ஆனால் ஜனாதிபதித் தேர்தல்களில் 1994 இல் சந்திரிகா 62.28, 2005 இல் மகிந்த 50.29, 2019 இல் கோட்டாபய 52.25 என்று தசமம் பிசகாமல் சொல்லுவார். ஊரில் எந்த விசயத்தையும் வீதத்தில்தான் அளப்பார். மழை வருமா என்றால் "எழுவது வீதம்". மகளுக்குப் பேசின சம்பந்தம் சரிவருமா என்றால் "அம்பத்தொண்டு தாண்டிற்று, ஆனா ரெண்டாம் விருப்பையும் பாக்கோணும்".

அவருடைய கணிப்பு முறை எளிது. கட்சியைச் சின்னத்தால்தான் சொல்லுவார். கேள்வி கேட்கமாட்டார், விடையைத் தானே சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பார்.

"என்ன காக்கா, உங்கட ஆக்கள் இந்த முறை டெலிபோனுக்குத்தானே?"

ஐஸ் கரைந்து ஒழுகும் மீன் பெட்டியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு நிற்கிற மனிசன் என்ன சொல்லுவார்? "ஓம் ஓம், வேற எதுக்கு." கடதாசியில் ஒரு கோடு விழும். அடுத்தது வயலுக்குப் போகிற பொடியன். "சங்குதானே தம்பி?" "ஓம் மாமா." ஒரு கோடு. பள்ளிக்கூட வாத்தியார் வந்தால், படித்த ஆள் என்பதால் வேறு தூண்டில். "சேர், எல்லாரும் திசைகாட்டி எண்டுறாங்க?" வாத்தியாருக்கு மணியடிக்க ஐந்து நிமிசம் கிடக்கு. "அப்பிடித்தான் தெரியுது." இன்னொரு கோடு.

2024 செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஒருநாள் பின்னேரம் கோடுகளைக் கூட்டியபோது மொத்தம் 118 வீதம் வந்தது. சபை அதிர்ந்துபோனது. மாமா அசையவில்லை. "மிச்சம் பதினெட்டும் கள்ள வோட்டு" என்றார்.

கொழும்பில் இதே வேலையைக் கணினி வைத்துச் செய்கிறார்கள். அந்தத் தேர்தலுக்கு முன் கணிப்பு வெளியிட்டு வந்தது சுகாதாரக் கொள்கைக்கான நிறுவனம். ஆஸ்பத்திரி, மருந்து என்று ஆராய வேண்டியவர்கள் அரசியலுக்குள் வந்ததில் மாமாவுக்கு ஆட்சேபமில்லை. "நாட்டுக்கு வருத்தம் எண்டபடியாத்தானே அவங்க பாக்கிறாங்க?" ஆனால் திசைகாட்டி அநுர முன்னுக்கு நிற்கிறார் என்று அவர்கள் சொன்னதும் முகம் மாறிவிட்டது. 2019 இல் 3.16 வீதம் எடுத்த ஆள், பாராளுமன்றத்தில் மூன்று ஆசனம். அந்தத் தசமங்கள் எல்லாம் மனப்பாடமாக இருந்ததுதான் மாமாவுக்கு வினையாகப் போயிற்று. பழைய கணக்கு தெரியாத பொடியன்கள் எல்லாரும் நடக்கப்போவதைச் சரியாகச் சொன்னார்கள்.

அதற்கு மூன்று மாதம் முதல்தான் இந்தியாவில் கணிப்புக்காரர்கள் விழுந்து எழும்பியிருந்தார்கள். ஜூன் 1 ஆம் திகதி மாலை எல்லாத் தொலைக்காட்சியும் மோடி கூட்டணிக்கு 350, 400 என்று அள்ளி வீசின. 4 ஆம் திகதி எண்ணினால் 293. பாரதிய ஜனதாவுக்குத் தனியே 240. கணிப்பு நிறுவனத் தலைவர் ஒருவர் நேரலையிலேயே கண்ணைத் துடைத்தார். அந்தக் காணொளியை மாமா எங்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். பிழை விட்டதற்காக ஒரு மனிசன் அழுவதா? மாமாவின் நாற்பது வருடக் கணிப்பு வாழ்க்கையில் கண் கலங்கியதே இல்லை. பிழைப்பது எப்போதும் சனம்தான்.

செப்டெம்பர் 21 வந்தது. வாக்குச் சீட்டு இருபத்தேழு அங்குலம், 39 பெயர். அதில் ஒருவர் தேர்தலுக்கு முதலே காலமாகிவிட்டார். பெயரை எடுக்க நேரமில்லை. ரணிலுக்குச் சின்னம் காஸ் சிலிண்டர். 2022 தட்டுப்பாட்டில் இரவிரவாக வரிசையில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்த அதே சிலிண்டர். இதை யோசித்துப் பிடித்தவர் ரணிலின் நண்பரா எதிரியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாமா காலை ஏழு மணிக்கே மாமியோடு போய் வரிசையில் நின்றார். மாமியின் வாக்கைப் பற்றி அவர் கணிப்பே எடுத்ததில்லை. வீட்டில் ரெண்டு என்று மொத்தமாகவே எழுதிக்கொள்வார். மாமி பெட்டிக்குள் நின்ற நேரம் கொஞ்சம் கூடிப்போனது. வெளியே வந்ததும் மாமா கேட்டார், "ஏன் இவ்வளவு நேரம்?" "நீங்கதானே ஒண்டு, ரெண்டு, மூண்டு போடச் சொன்னீங்க. பாத்துப் போட்டன்." யாருக்கு ஒன்று, யாருக்கு மூன்று என்பதை மாமி இதுவரை சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை. நாற்பது வருடக் குடும்பம் அப்படித்தான் நிற்கிறது.

1982 இல் தொடங்கின ஜனாதிபதித் தேர்தலில் முதன்முதலாக யாருக்கும் பாதி வரவில்லை. அநுர 42.31, டெலிபோன் சஜித் 32.76. இரண்டாம் விருப்பை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையில் அநுரவுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம், சஜித்துக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கூடியது. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்கு முப்பத்து மூன்று லட்சம். அதில் பத்திலொருவருடைய இரண்டாம் மூன்றாம் விருப்புக்கூட இந்த இருவருக்கும் வந்து சேரவில்லை. ரெண்டு, மூண்டு போடச் சொல்லி மாமா ஒரு மாதம் எடுத்த வகுப்பு ஊரில் மாமிக்கு மட்டும் பயன்பட்டிருக்கிறது.

அதைவிட ஒரு கணக்கு அவரைச் சுட்டது. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குக்கு நாடு முழுவதும் 226,343 வாக்கு. நிராகரிக்கப்பட்ட வாக்கு 300,300. அதாவது ஒழுங்காகப் புள்ளடி போடத் தெரியாதவர்கள் ஒரு கட்சியாகக் கேட்டிருந்தால் சங்கை முந்தியிருப்பார்கள். இதைச் சொன்ன பொடியனோடு மாமா இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் திருகோணமலை மாவட்ட முடிவை நீட்டினார். இங்கே சஜித்தான் முதல். "பாத்தியா? நான் சொன்னது சரி. நாடுதான் பிழைச்சுப் போச்சு."

நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அந்த ஆறுதலும் போனது. மூன்று ஆசனக் கட்சிக்கு 159. திருகோணமலையின் நாலு ஆசனத்தில் இரண்டு திசைகாட்டிக்கு, ஒன்று டெலிபோனுக்கு, ஒன்று வீட்டுச் சின்னத்துக்கு. 61.56 வீதம் என்று மாமா பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். ஆறு மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் வர அது 43.26 ஆக இறங்கியது. அந்தத் தேர்தலே 2023 மார்ச்சில் நடக்க வேண்டியது. திறைசேரியில் காசில்லை என்று தள்ளி, 2025 மே வரை இழுத்தார்கள். மாமா 2023 இல் எழுதிய கணிப்பைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருந்து, திகதியை மட்டும் வெட்டித் திருத்தி மறுபடி வெளியிட்டார். கடதாசி விலை கூடிய காலம்.

இவர் ஏன் இவ்வளவு பிழைக்கிறார் என்று யோசித்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். இந்த ஊர்ச் சனத்திடம் உண்மையான விடை எடுப்பது லேசான வேலையில்லை. போர்நிறுத்தம் இருந்த காலத்தில் கட்டைபறிச்சான் ஒரு எல்லை. இந்தப் பக்கம் ராணுவச் சாவடி, அங்கால சம்பூர், ஈச்சிலம்பற்று எல்லாம் புலிகளின் கட்டுப்பாடு. ஒரு மூடை மாவோடு ஆஸ்பத்திரித் துண்டையும் பிடித்துக்கொண்டு இந்த வீதியால் போனவர்களுக்கு, எந்தப் பக்கத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பது அ, ஆவன்னாவுக்கு முதல் படித்த பாடம். "எங்க போறாய்?", "ஆரைத் தெரியும்?", "ஆருக்குப் போட்டாய்?" என்று கேட்டவனின் முகத்தில் எந்த விடை எழுதியிருக்கிறதோ அதை வாசித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். 2005 இல் புலிகள் வாக்களிக்க வேண்டாம் என்றார்கள். மகிந்த இரண்டு லட்சத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். அன்றைக்கு விரலில் மையோடு ஊருக்குள் திரிவது புத்தியுள்ள காரியமல்ல. இன்றைக்குப் பொடியன்கள் அதே சின்னி விரலை நிமிர்த்திப் படம் பிடித்து, கறுப்புக் கண்ணாடியும் போட்டு முகநூலில் ஏற்றுகிறார்கள். விரல் மாறிவிட்டது. வாய் இன்னும் மாறவில்லை. மீன்காரக் காக்காவின் "ஓம் ஓம்" சாவடியில் பழகிய "ஓம் ஓம்".

மாமாவும் அந்த வீதியால் மூடை சுமந்தவர்தான். ஆனால் மற்றவர்கள் தனக்கும் அப்படித்தான் பதில் சொல்லுகிறார்கள் என்று அவருக்குப் படவே இல்லை.

அவருடைய பழைய களங்களும் இப்போது சரியில்லை. ஒருகாலத்தில் செத்தவீடுதான் பெரிய கணிப்பு நிலையம். பந்தலுக்குக் கீழ் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் விடியவிடிய முந்நூற்றுநாலு சீட்டாட்டம். வெத்திலைத் தட்டம் சுற்றும், பிளேன்ரீ சுற்றும், ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை கேட்டுவிட்டு வந்தவர் உலகத்தை விரித்து வைப்பார். துரும்பு கேட்கிற இடைவெளியில் யார் எந்தக் கட்சி என்பது வெளியில் வந்துவிடும். கையில் யக்கன் இருக்கிறவன் பொய் சொல்ல மறந்துபோவான். இப்போது தமிழோசை வானொலியும் இல்லை, 2017 இல் நிறுத்திவிட்டார்கள். செத்தவீட்டில் பொடியன்கள் வரிசையாகக் கதிரையில் இருந்து ஆளுக்கொரு போனில் துப்பாக்கி விளையாட்டு. பிரேதத்தின் தலைமாட்டில் ஒரு தம்பி தாங்கியில் போனை நிறுத்திக் கனடாவுக்கும் சுவிஸுக்கும் நேரலை விடுகிறான். சென்ற மாதம் ஒரு செத்தவீட்டில், ஒப்பாரியின் நடுவில் போனுக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது: "மாமா, கமராவ மறைக்காம கொஞ்சம் அங்கால நில்லுங்கோ." மாமா அங்கால நின்றார். அரசியல் பேச வாயெடுத்தவர் நாலு நாட்டில் கேட்குமே என்று மூடிக்கொண்டார்.

வாட்ஸ்அப் அவரை இன்னும் கெடுத்துவிட்டது. ரொறொன்ரோவில் பனி வழிக்கிற ஒருவர் பதினொரு நிமிசக் குரல் பதிவில், மூதூர்த் தொகுதியில் யார் வெல்லவேண்டும் என்று விளக்குகிறார். மாமா அதையும் ஒரு கோடாகப் பதிகிறார். வாக்கே இல்லாத ஆளின் கோடு. "அவருக்கு இஞ்ச வோட்டில்லையே மாமா?" என்றால், "காசு அனுப்புறார்தானே? அரை வோட்டு எண்டு போடு."

பக்கத்துச் சம்பூரில் இந்தியாவின் அனல்மின் நிலையம் வரும் என்றார்கள், 2016 இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பில் இருந்தபடியே அங்கே 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். "இஞ்ச வந்திருந்தா நேரில ரெண்டு வார்த்தை கேட்டிருப்பன்" என்று மாமா அங்கலாய்த்தார். தமிழ்நாட்டில் யாரோடு கூட்டணி என்பதைத்தான்.

இப்போது மாகாண சபைக் கணிப்பு நடக்கிறது. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்து, தேர்தல் திகதியே இல்லாமல் கிடக்கிறது. மாமாவுக்கு அது ஒரு குறையில்லை. திகதியில்லாத தேர்தலில் கணிப்பு பிழைக்காது.

போன கிழமை ஒரு புது விசயம் நடந்தது. கடையில் இருக்கும்போது மாமாவின் போன் அடித்தது. கொழும்பில் இருந்து ஒரு பெண் பிள்ளை, நல்ல தமிழில், கருத்துக்கணிப்பு ஒன்றுக்காகப் பேசுகிறதாம். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்ட மனிசனை முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். கடை முழுக்க அமைதி. மாமா சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"நாளைக்குத் தேர்தல் நடந்தா எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீங்க ஐயா?"

மாமா வீதியின் இரண்டு பக்கமும் ஒருதரம் பார்த்தார். "பிள்ளை எந்த ஊர்? எந்தக் கந்தோரில இருந்து எடுக்கிறீங்க? என்ர நம்பர் ஆர் தந்தது?" அந்தப் பிள்ளை பொறுமையாக எல்லாம் சொன்னது. மாமா தொண்டையைச் செருமினார். "எல்லாரும் நல்லாத்தான் செய்யிறாங்க பிள்ளை. இன்னும் முடிவெடுக்கல்ல." போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளா? கொழும்பில இப்ப என்னைக் கேட்டுத்தான் முடிவு போடுறாங்க."