மின்சாரம் போனால் மழைக்கணக்கும் போகுமா?

கேள்வி: புயல் வரும்போதுதான் மின்சாரமும் நிற்கிறது. வீட்டு வானிலை நிலையம் அந்த நேரத்துப் பதிவுகளை இழக்காமல் காக்க வழி உண்டா?

பதில்: உண்டு. புயலும் மின்வெட்டும் இணைபிரியாதவை என்பதை, 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலே ஐயமற நிறுவிச் சென்றது. மொட்டைமாடியில் நிற்கும் உணரிகள், அதாவது காற்றையும் மழையையும் வெப்பத்தையும் அளக்கும் கருவிகள், பெரும்பாலும் பேட்டரியாலோ சூரியத் தகட்டாலோ இயங்குவதால் மின்வாரியத்தின் தயவை எதிர்பார்ப்பதில்லை; முதலில் மடிவது வீட்டுக்குள் அவற்றின் அளவீடுகளைத் திரட்டும் கணினியே ஆகும். ஆகவே, மின்சாரம் அற்றபோதும் அழியாத நினைவகத்தில் அளவீடுகளைச் சேமிக்கும் டேட்டா லாகர் என்னும் சிறு கருவி, பேட்டரி இட்ட, அளவீடுகளைக் காட்டும் காட்சிப்பெட்டியுடன் இணைந்திருப்பின், கணினி உறங்கினாலும் கணக்கு தொடரும். 2560 பதிவுகள் கொள்ளும் லாகர் நிமிடத்துக்கு ஒன்றாக எழுதினால் ஏறத்தாழ 42 மணி நேரத்தில் நிரம்பிவிடும். 5 நிமிடத்துக்கு ஒன்றெனில் 8 நாள்களுக்கு மேல் தாங்கும்.

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளை நம்புவோருக்கு வேறொரு வினை காத்திருக்கிறது: அவற்றுள் பலவற்றில் தனிக் கடிகாரம் இல்லாமையால் நேரத்துக்கு இணையத்தையே நம்புகின்றன; மின்சாரம் திரும்பியும் இணையம் மீளாத வேளையில், பெய்யாத நாளில் மழை பெய்ததாகக் கூசாமல் எழுதிவைக்கும். காசு வடிவ பேட்டரியில் ஓடும் கடிகாரச் சில்லு இப்பொய்யைத் தடுக்கும். எழுதும்போதே மின்சாரம் அறுந்தால் மெமரி கார்டு சிதைவதும் உண்டாகையால் ஒரு சிறு யுபிஎஸ்ஸும் தேவை. அதில் தொலைக்காட்சியைச் செருகாதிருக்கக் குடும்பத்தாரின் இசைவு தேவைப்படலாம்.