வெள்ளைக்காரன் பக்கத்து மேளம்

பண்டாரவன்னியன் கூத்துப் போடுவதில் உள்ள பெரிய சிக்கல், எல்லாருக்கும் பண்டாரவன்னியனாக வர விருப்பம் என்பதுதான். வெள்ளைக்காரனைக் கலைக்க ஊர் முழுக்க ஆள் இருக்கு, கலைபட ஒருவருமில்லை. காட்டிக்கொடுத்தவன் என்று கதையில் வரும் காக்கை வன்னியன் வேஷத்தை நீட்டினாலோ, ஆட்களுக்கு உடனே மாடு கட்டுகிற வேலை ஞாபகம் வந்துவிடும்.

நானும் வன்னியனாகலாமென்று தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு களரியைச் சுற்றி நடந்து காட்டினேன். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் என் வயிற்றில் தொடங்கி முழங்கால் வரை பார்த்தார்.

“தம்பி, ராசா காட்டுக்குள்ள ஓடித் திரிஞ்ச மனுசன். உமக்கு வெள்ளைக்காரன்ர பக்கம்தான் பொருந்தும்.”

வெள்ளைக்காரக் கப்டன் டிறிபேர்க்கின் வேஷமாவது கிடைக்குமென்று நினைத்தேன். அதற்கு உயரமான ஒரு பெடியன் அகப்பட்டுவிட்டான். எனக்குக் கிடைத்தது அவனுக்கு முன்னால் மேளம் அடித்துக்கொண்டு போகிற வேலை.

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்த வன்னியனைக் கலைஞர் கருணாநிதியின் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ நாவலால் தெரியும். எங்களுக்கு முல்லைமணியின் நாடகத்தால் தெரியும். வன்னியை ஆண்ட அவன் 1803 ஓகஸ்ட் 25 அன்று, கண்டிப் படையின் உதவியோடு வந்து, வெள்ளைக்காரன் கையிலிருந்த முல்லைத்தீவைப் பிடித்தான். காவலிருந்த கப்டன் டிறிபேர்க் தன் ஆட்களோடு வள்ளமேறி யாழ்ப்பாணம் போனார். இரண்டு மாதம் கழித்து அதே டிறிபேர்க் மன்னார்ப் பக்கமிருந்து வந்து, ஒக்டோபர் 31 அன்று ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட உள்ள கற்சிலைமடுவில் வன்னியனைத் தோற்கடித்தார். அந்த இடத்தில் ஆங்கிலத்தில் எழுதி ஒரு கல்லும் நட்டார்கள். வள்ளமேறிய இடத்தில் கல் நடுகிற வழக்கம் வெள்ளைக்காரனிடம் இல்லைப்போலும். எங்கள் அண்ணாவியாரோ ஒக்டோபருக்கு ஒரு பாட்டும் கட்டவில்லை. கூத்து ஓகஸ்டோடு சரி. ஆகவே எங்கள் களரியில் டிறிபேர்க் எப்போதும் ஓடுவார், அவருக்கு முன்னால் மேளத்தோடு நான் ஓடுவேன்.

இந்த மேளமே ஓய்வுபெற்ற ஒரு சரித்திர வாத்தியாரால் வந்த வினை. வெள்ளைக்காரன் வரவுக்கும் மத்தளம் அடிப்பது சரித்திரத்துக்குச் செய்கிற அநியாயம் என்று அவர் அண்ணாவியாரிடம் ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் காலத்து ஆங்கிலப் படைக்கு மேளம்தான் வாய். எழும்ப ஓர் அடி, கூட ஓர் அடி, நடக்க ஓர் அடி, அந்தியில் ஒடுங்க ஓர் அடி. துவக்குச் சத்தத்துக்குள் கப்டனின் தொண்டை எடுபடாது. மேளமும் ஃபைஃப் என்கிற ஆறு துளைக் கட்டைக்குழலும் எடுபடும். நடைக்குக்கூடக் கணக்கு வைத்திருந்தார்களாம்: சாதாரண நடை நிமிடத்துக்கு 75 அடி, விரைநடை 108. நூற்றெட்டு என்றதும் அண்ணாவியாருக்குப் பிடித்துப்போயிற்று. கோயில் காரியம் மாதிரி இருக்கு, வைப்போம் என்றுவிட்டார்.

மத்தளகாரன் ஆட்டக்காரனின் காலைப் பார்த்து அடிப்பான். ஆட்டம் தளர்ந்தால் ஓர் அடியைக் கூட்டித் தாங்குவான், துள்ளினால் கூடத் துள்ளுவான். வெள்ளைக்காரன் மேளம் அப்படியில்லை. அடி விழுந்தால் சிப்பாய் காலை வைத்தே ஆகவேண்டும். என்னுடைய மேளத்துக்குக் கால் வைத்த சிப்பாய்ப் பெடியள் பட்ட பாட்டை நான் விவரிக்கப்போவதில்லை. கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்துப் பழகிய முள்ளியவளைச் சனத்துக்கு முன்னால் இதை ஆடப்போகிறோமே என்று அண்ணாவியார் தலையில் கைவைத்தது மட்டும் ஞாபகம்.

மேளம் பள்ளிக்கூடமொன்று கழித்துவிட்ட பாண்ட் மேளம். குழலுக்கு அக்காவின் மகன் பிவிசி பைப்பில் காய்ச்சின கம்பியால் துளை போட்டான். அதிலிருந்து சத்தம் வர வெகுநாள் எடுத்தது. வந்த பிறகு, வராமலே இருந்திருக்கலாம் என்று அக்கம்பக்கம் அபிப்பிராயப்பட்டது. குருவுக்கு யூடியூப். அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்பேர்க்கில், பழைய காலத்து உடுப்புப் போட்டு இப்படிக் குழலும் மேளமுமாக 1958 முதல் ஒரு கூட்டம் தெருவில் போய்வருகிறது. அதில் பத்து வயதில் பிள்ளைகள் சேருகிறார்கள், பதினெட்டில் வெளியேறுகிறார்கள். பேரப்பிள்ளை காணும் வயதை எட்டிப்பார்க்கிற நான், கொய்யாமரத்தில் சிக்னல் பிடித்து, பல் விழுந்த ஒரு சின்னனிடம் தடி பிடிக்கப் பழகினேன்.

அங்கேதான் மாமி சம்பந்தப்பட்டார். அந்த மேளத்தின் அரிச்சுவடி ஒரு கைக்கு இரண்டடி வீதம் மாறிமாறி உருட்டுவது. அதற்கு அவர்களிடம் வாய்ப்பாடு உண்டு: “டாடி மாமி, டாடி மாமி.” எங்கள் “தா தெய்யத்தா தெய்” போலத்தான். வாயால் சொல்லிக்கொண்டே தடி போடவேண்டும். நான் திண்ணையில் இருந்து “டாடி மாமி” என்பேன். குசினியிலிருந்து “என்ன தம்பி?” என்று குரல் வரும். ஒன்றுமில்லை என்றுவிட்டு மறுபடி தொடங்குவேன். மறுபடி “என்ன தம்பி?” வேகம் கூடக்கூட மாமியும் வேகமாக ஓடிவந்தார். கடைசியில் மகளைத் தனியே கூப்பிட்டு, “பிள்ளை, உன்ர மனுசன் என்னை ‘டீ’ போட்டுக் கூப்பிடுறார். நான் இளையவள் வீட்டை போறன்” என்று சேலையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிறவர்கள் மேளகாரனின் வீட்டைப் பார்த்ததில்லை. அன்றே மேளத்தோடு நான் பின்வளவுக்கு மாற்றப்பட்டேன். அங்கே எதிர்பாராத மரியாதை காத்திருந்தது. தென்னையில் குரும்பை பிடுங்கிக்கொண்டிருந்த குரங்குக் கூட்டம், என் மேளமும் மருமகனின் குழலும் சேர்ந்து எழுந்ததும் வேலிக்கு அப்பால் பாய்ந்தது. வெடி கொளுத்தினாலும் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டுகிற குரங்குகள்! அடுத்த வீட்டு ஐயா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “தம்பி, நாளைக்கு எங்கட வளவுக்கை வந்து பழகுமன்” என்றார். என் வாத்தியத்துக்குக் கிடைத்த முதல் அழைப்பு அதுதான்.

உடுப்பு இன்னொரு கதை. கூறைச் சேலையைத் தவிர வீட்டிலிருந்த சிவப்பை எல்லாம் வெட்டி எனக்குக் கோட் தைத்தாயிற்று. தைத்து முடிந்த பிறகு வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, அக்காலத்தில் அநேகமான ரெஜிமென்டுகளில் மேளகாரனுக்கு மட்டும் நிறம் மாற்றித்தான் தைப்பார்கள் என்றார். சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டும் மஞ்சள் கழுத்துப்பட்டியும் என்றால், மேளகாரனுக்கு மஞ்சள் கோட், சிவப்பு ஓரம். மனைவி கத்தரிக்கோலை மேசையில் வைத்த சத்தத்தில் வாத்தியார் தேத்தண்ணியை முடிக்காமலே எழும்பிவிட்டார். சரித்திரம் அந்த இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

கூத்தன்று மாமி முன்வரிசையில் பாய் போட்டு இருந்தார். நீலச் சேலையைக் கடலாக விரித்து இருவர் ஆட்ட, மத்தளம் குமுற, வன்னியன் வாளோடு பாய்ந்து வந்தான். நான் விரைநடை அடித்துக்கொண்டே வள்ளத்தில் கால் வைத்தேன். அடி நிமிடத்துக்கு 108 ஐத் தாண்டித்தான் போயிருக்கும். “கலையுங்கோடா அவனை!” என்று முதலில் எழும்பின குரல் மாமியுடையது. பிறகு சனம் எல்லாம் சேர்ந்துகொண்டது. திரும்பி வரும்போது மனைவியிடம் எப்படி என்று கேட்டேன். “வீட்டிலை பின்வாங்கிப் பழகின மனுசன்தானே, குறை சொல்லேலாது” என்றார்.

மழை தொடங்கிக் கச்சான் போட்டதும் மயில்கள் வந்து விதையைக் கிண்ட ஆரம்பித்தன. மனைவி அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் வைக்கோலை அடைத்து, சட்டியைத் தலையாகக் கவிழ்த்து, காணி நடுவில் வெருளியாக நட்டுவிட்டார். வயிற்றுக்கு வைக்கோல் கொஞ்சம் கூடத்தான் பிடித்ததாம். ஒருநாள் தூறலுக்குள் அந்தப் பக்கம் போன மாமி வேலியோரம் நின்று சத்தம் போட்டாராம்: “தம்பி, மழைக்குள்ள ஏன் நனையிறியள்? வீட்டை வாங்கோ!” மறுமொழி வராததால் நேரே மகளிடம் வந்துவிட்டார்.

“பாத்தியே பிள்ளை? கூத்தாடப் போனதிலையிருந்து மனுசனுக்கு மதிப்பு மரியாதை இல்லை. கூப்பிடக் கூப்பிட அசையாமல் நிக்கிறார்.”