முகம் பார்க்க மூன்று நிமிடம், 16 டாலர்

1964-இல் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. நாட்டின் டெலிபோன் பெரும்பாலும் அவர்கள் கையில். கல்லா நிரம்பி வழிந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு யோசனை வந்தால் யார் தடுப்பது? ஜனங்கள் இனி முகம் பார்த்துப் பேசட்டும் என்று ‘பிக்சர்போன்’ கருவியை நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். ஓசியில் காட்டினால் எதைத்தான் பார்க்க மாட்டார்கள்? வரிசை நின்றது. அதைப் பார்த்துவிட்டு நாடே ஏங்குகிறது என்று கம்பெனி நம்பிவிட்டது.

உடனே நியூயார்க், வாஷிங்டன், சிகாகோவில் பூத் திறந்தார்கள். ஜனாதிபதி ஜான்சனின் மனைவி முதலில் பேசினார். மறுமுனையில் இருந்தவர் பெல் ஆய்வகத்து விஞ்ஞானி, அதாவது கம்பெனி ஆள்தான். மற்றவர்களுக்கு மூன்று நிமிடத்துக்கு 16 முதல் 27 டாலர், முன்பதிவு வேறு. சில ஆண்டுகளில் பூத்துகளில் ஈ ஆடியது.

சரி, ஆபீஸ்களின் தலையில் கட்டலாம் என்று 1970-இல் பிட்ஸ்பர்க் போனார்கள். ஊர் மேயர் அல்கோவா கம்பெனித் தலைவரைப் பிக்சர்போனில் கூப்பிட்டுத் தொடங்கி வைத்தார். மாத வாடகை 160 டாலர், அதில் அரை மணி நேரப் பேச்சு சேர்த்தி. 1980-க்குள் 10 லட்சம் கருவி ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். உச்சத்தில்கூட 500-ஐ எட்டவில்லை. வாங்கியவர், வாங்கிய இன்னொருவரைத்தானே கூப்பிட முடியும்? கருவியில் குறை சொல்ல முடியாது: தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு பொத்தான், அடுத்தவருக்குக் காட்டாமல் மறைக்க ஒரு பொத்தான்.

பிரிட்டிஷ் தபால் துறை இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே டெலிபோனும் அப்போது அவர்கள் வசம். 1971-இல் ‘கான்ஃப்ராவிஷன்’: லண்டன், பர்மிங்காம், பிரிஸ்டல், மான்செஸ்டர், கிளாஸ்கோவில் ஊருக்கொரு ஸ்டுடியோ. கிளாஸ்கோ கிளைக்காரர்கள் லண்டன் தலைமையகத்தோடு முகம் பார்த்துக் கூட்டம் போடலாம், அலைச்சல் மிச்சம் என்றார்கள். ஆனால் ஸ்டுடியோ இருப்பது தபால் துறையிடம். கோட்டு மாட்டிக்கொண்டு, கோப்புக் கட்டோடு இரண்டு ஊரிலும் எல்லோரும் கிளம்பி அங்கே போயாக வேண்டும்.

பொறியாளர்கள் ஒன்றை யோசிக்கவே இல்லை. கிளை அதிகாரி தலைமையகத்துக்கு எதற்குப் போகிறார்? ரயிலில் ஒரு தூக்கம், ஹோட்டலில் ஒரு ராத்திரி, திரும்பி வந்ததும் டி.ஏ. பில். கூட்டம் இதற்கெல்லாம் சாக்கு. ரயிலையும் ஹோட்டலையும் பிடுங்கிக்கொண்டு சாக்கை மட்டும் கையில் கொடுத்தால் எவர் வருவார்?

1982-இல் அமெரிக்காவில் இன்னொரு கம்பெனி இதே வித்தையை இரண்டரை லட்சம் டாலருக்கு விற்றது. லைனுக்கு மணிக்கு 1,000 டாலர் தனி. அந்தக் காசுக்குக் குழுவையே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடலாம்.

கடைசியில் ஆள் சேர்த்துக் கொடுத்தது கொரோனா. 2020 ஏப்ரலில் தினமும் 30 கோடிப் பேர் வருவதாக ஜூம் சொன்னது. பிறகு, அது ஆட்களின் கணக்கல்ல, ஒரே ஆள் ஐந்து கூட்டத்தில் உட்கார்ந்தால் ஐந்து என்று திருத்திக்கொண்டது. அந்த ஐந்திலும் அவர் முகத்தைக் காட்டினாரா என்பது வேறு விஷயம். அடுத்த கூட்டத்தில் நீங்களும் கேமராவை அணைக்கத்தான் போகிறீர்கள். அணைக்கும்போது, மறைக்கும் பொத்தானை அன்றே வைத்த பெல் பொறியாளர்களுக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.