அகராதிக்கு மொய் எழுதியவர்கள்

1857-இல் லண்டனில் மொழியியல் சங்கத்துப் பெரியவர்கள் சிலர் கூடி உட்கார்ந்து, ஆங்கிலத்துக்கு உருப்படியான அகராதி இல்லையே என்று விசனப்பட்டார்கள். அதே ஆண்டு மீரட்டில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்திருந்தார்கள், சாம்ராஜ்யமே ஆடிக்கொண்டிருந்தது. இவர்களுக்கோ விடுபட்ட சொற்களைப் பற்றிக் கவலை. விசனப்பட்டதோடு நில்லாமல், ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் எந்த ஆண்டு முதன்முதலில் எழுத்தில் வந்தது, பிறகு எப்படியெல்லாம் பொருள் மாறியது, எப்போது வழக்கொழிந்தது என்பதை மேற்கோளோடு எழுதிவிடுவது என்று தீர்மானமும் போட்டார்கள்.

சங்கத்திடம் காசு கிடையாது. ட்ரெஞ்ச் என்ற பாதிரியார் வழி சொன்னார்: ஊராரைக் கூப்பிடுவோம். ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துப் படிக்கட்டும். நல்ல சொல் கண்ணில் பட்டால் ஒரு துண்டுச் சீட்டில் அந்தச் சொல், ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், வாக்கியம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பட்டும். சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மொழித்தொண்டுக்குக் கூலி கேட்பது அசிங்கம் என்று காசு கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள்தான் எப்போதும் நினைக்கிறார்கள்.

முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரன். வரப்போகும் சீட்டுகளைப் போட்டுவைக்க 54 அறைகள் கொண்ட மர அலமாரி ஒன்றைச் செய்தார். 1861-இல் முப்பது வயதில் காசநோயில் போய்ச் சேர்ந்தார். நாளைக்குச் சமஸ்கிருதம் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்பார்கள். அகராதிக்காரர்களின் காலக்கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அது முதல் எச்சரிக்கை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தவர் ஃபிரெடரிக் ஃபர்னிவால். தங்கமான மனிதர். ஒரு வேலையை முடிப்பதற்குள் மூன்று வேலைகளைத் தொடங்கிவிடுவார். பழைய நூல்களைப் பதிப்பிக்க ஒரு சங்கம், சாஸருக்கு ஒரு சங்கம், ஷேக்ஸ்பியருக்கு ஒரு சங்கம், பிற்காலத்தில் பெண்கள் படகு வலிக்க ஒரு சங்கம். இத்தனைக்கும் நடுவில் சும்மா உழைக்கிறவர்களைத் தட்டிக்கொடுக்க நேரம் ஏது? அவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

1879-இல் பொறுப்பு ஜேம்ஸ் மர்ரேயின் தலையில் விழுந்தது. ஸ்காட்லாந்துத் தையற்காரரின் மகன். பதினான்கு வயதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்; அப்போது மில் ஹில் பள்ளியில் வாத்தியார். பத்து வருஷத்தில் முடித்துத் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். ஃபர்னிவாலிடமிருந்து ஏறக்குறைய இரண்டு டன் சீட்டுகள் வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி. இன்னொன்றில் உயிரோடு ஒரு சுண்டெலி, குடும்ப சமேதமாக. எச் எழுத்துச் சீட்டுகள் இத்தாலியில், ஃபிளாரன்ஸில் கிடந்தன. பிஏ என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் அகப்பட்டன. அங்கே நெருப்புப் பற்றவைக்க அவை பெரிதும் பயன்பட்டிருந்தன. பலனைப் பாராத சேவை என்றால் அதுதான்.

மர்ரே புதிதாக வேண்டுகோள் விடுத்தார். ஆயிரம் வாசகர்கள் தேவை. தோட்டத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, அதற்கு ஸ்கிரிப்டோரியம் என்று கனமான பெயரும் வைத்து, உள்ளே 1,029 அறைகள் அடித்தார். பிறகு ஆக்ஸ்ஃபர்டுக்குக் குடிபெயர்ந்து அங்கேயும் ஒரு கொட்டகை. பக்கத்து வீட்டுச் சட்டப் பேராசிரியர் டைசிக்கு அது கண்ணை உறுத்தியதால் தரையைத் தோண்டிப் பள்ளத்தில் இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் ஆங்கில மொழியின் ஆகப்பெரிய அறிஞர் கால்களைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு சளியோடு வேலை பார்த்தார். வந்து குவிந்த தபாலைப் பார்த்து அஞ்சல் துறை அவர் வீட்டு வாசலிலேயே தபால் பெட்டி நட்டது. அவருக்குக் கிடைத்த கௌரவங்களிலேயே உபயோகமானது அதுதான் என்பேன். சர் பட்டம் வருவதற்கு 1908 ஆயிற்று.

தொண்டர்களிடமும் கோளாறு இல்லாமல் இல்லை. அவர்களுக்கு அபூர்வச் சொல் என்றால் வெல்லம். ‘அப்யூஷன்’ என்று யாரும் சீந்தாத ஒரு சொல்லுக்கு ஐம்பது சீட்டு வந்தது. தினமும் புழங்கும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. மர்ரே முகவரிப் புத்தகங்களில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எந்த நூலைப் படித்தார், எத்தனை சீட்டு அனுப்பினார் என்று குறித்துக்கொண்டார். சிலரைப் பற்றி, இது தேறாத கேஸ் என்கிற ரீதியில் நறுக்கென்ற குறிப்புகளும் உண்டு. அந்தப் புத்தகங்களைப் பின்னாளில் துருவிய சாரா ஓகில்வி சுமார் மூவாயிரம் பேரைக் கண்டெடுத்தார். கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர் அதில் இருக்கிறார். ஆபாச நூல்களைச் சேகரிப்பதில் கீர்த்தி பெற்ற ஆஷ்பீ இருக்கிறார். கொலை செய்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

இவ்வளவு பேருக்கும் என்ன கொடுப்பது? மர்ரே கண்டுபிடித்த வழி, நம் வீட்டுக் கல்யாண மொய் நோட்டேதான். 1888-இல் முதல் தொகுதி வந்தபோது முன்னுரையில் பெயரையும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டார். டாமஸ் ஆஸ்டின், 1,65,000 சீட்டு. வில்லியம் டக்ளஸ், 1,36,000. வியன்னா ஹெல்விச், 50,000. மைக்கில் வாசிக்காததுதான் குறை. தம்முடைய பெயருக்கு நேரே அடுத்தவரைவிடக் குறைந்த தொகை அச்சாகியிருப்பதைப் பார்த்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று மொய் எழுதிப் பழகிய நமக்குச் சொல்லவா வேண்டும்?

அந்த முன்னுரையில் ஓயாத உழைப்புக்காகத் தனியாக நன்றி பெற்றவர் குரோதோர்ன் என்ற ஊரைச் சேர்ந்த டாக்டர் டபிள்யூ. சி. மைனர். ஜிப்பாவும் தங்கச் சங்கிலியும் போட்ட மைனர் அல்ல. அமெரிக்க ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்தவர். மற்றவர்கள் கண்டதை எழுதி அனுப்புவார்கள். இவர் முதலில், இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது என்று கேட்பார். தம்மிடமுள்ள பழைய நூல்களுக்கெல்லாம் சொல்லடைவு தயாரித்து வைத்திருந்ததால், கேட்ட சொல்லுக்குக் கேட்ட மாத்திரத்தில் மேற்கோள் பறந்து வரும். கடைசி நான்கு நூற்றாண்டுகளின் ஆங்கிலத்தை இவர் சீட்டுகளை மட்டும் வைத்தே விளக்கிவிடலாம் என்பது மர்ரேயின் அபிப்பிராயம்.

குரோதோர்னில் பிராட்மூர் என்ற மனநலக் காப்பகம் இருக்கிறது. சட்டத்தின் பிடியில் சிக்கிய மனநோயாளிகளை அடைத்து வைக்கும் இடம். மைனர் அங்கே மருத்துவர் போலும், ஓய்வு நேரம் நிறைய இருக்கிறது போலும் என்று மர்ரே நினைத்துக்கொண்டார். ஓய்வு நேரத்தைப் பொறுத்தவரை அவர் ஊகம் சரி. மைனர் 1872-இல் லண்டன் லாம்பெத்தில் யாரோ தம்மைத் தாக்க வருவதாகப் பிரமை கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் மெரெட் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்றவர். சித்தம் கலங்கியவர் என்று நீதிமன்றம் காப்பகத்துக்கு அனுப்பியது. சுடப்பட்டவரின் விதவையே பிற்பாடு அவரைப் போய்ப் பார்த்து, புத்தகங்களும் வாங்கிக் கொடுத்தார் என்பது இந்தக் கதையில் மனசை உலுக்கும் இடம்.

உண்மை எப்படி வெளிப்பட்டது என்பதற்கு ஒரு ஜோரான கதை உண்டு. மர்ரே நன்றி சொல்லப் போகிறார். வண்டி ஒரு பெரிய மாளிகை வாசலில் நிற்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்த கனவானைக் குனிந்து வணங்கி, டாக்டர் மைனரைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி என்கிறார். அந்தக் கனவான், நான் கண்காணிப்பாளர், மைனர் உள்ளே அடைபட்டிருக்கிறார் என்கிறார். 1915-இல் ஒரு பத்திரிகை இதை அச்சிட்டது, உலகமே நம்பியது. முழுக் கப்சா. நடந்தது இதைவிட ருசியானது. ஹார்வர்டு நூலகர் ஒருவர் மர்ரேயைப் பார்க்க வந்தவர், முன்னுரையில் பாவம் அந்த மைனரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினீர்களே, அமெரிக்கர்களுக்கெல்லாம் சந்தோஷம் என்றார். பாவமா, ஏன் பாவம் என்று மர்ரே விழித்தார். ஆக, நன்றி சொல்லப்போய்த்தான் நன்றி யாருக்குப் போயிற்று என்பதே தெரிய வந்தது. மர்ரே நட்பை முறிக்கவில்லை. பிராட்மூருக்கே போய்ப் பார்த்தார். 1910-இல் உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் உத்தரவு போட்டு மைனரை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார்.

இன்னொருவர் ஃபிட்ஸெட்வர்ட் ஹால். கல்கத்தாவுக்கு வந்த கப்பல் கங்கை முகத்துவாரத்தில் உடைந்து, வந்ததே வந்தோம் என்று இங்கேயே தங்கி, காசியில் சமஸ்கிருதம் படித்துப் பேராசிரியரும் ஆனவர். லண்டனில் சக பண்டிதரோடு சண்டை பிடித்து வேலையை இழந்து, சஃபோக் கிராமம் ஒன்றில் முனிவர் மாதிரி ஒதுங்கினார். அங்கிருந்தபடி தினம் நாலு மணி நேரம், இருபது ஆண்டுகள், அகராதியின் மெய்ப்பைத் திருத்திக் கொடுத்தார். காலணா வாங்கவில்லை. மர்ரேயை நேரில் பார்த்ததுகூட இல்லை. உலகத்தில் எல்லோரோடும் சண்டை போடுகிற மனிதரையும் ஒரு வேலையில் கட்டிப்போட மர்ரேக்குத் தெரிந்திருந்தது.

ரொக்கமாகக் கூலி வாங்கியவர்களில் மர்ரேயின் சொந்தப் பிள்ளைகளும் உண்டு, மொத்தம் பதினோரு பேர். சீட்டு அடுக்கினால் மணிக்கு ஒரு பென்னி. வயது ஏற ஏறக் கொஞ்சம் உயர்வு. வீட்டிலேயே ஒரு தொழிற்சங்கம் வைக்குமளவு ஆள்பலம் இருந்தும் வேலைநிறுத்தம் நடந்ததாகத் தகவல் இல்லை.

பத்து வருஷ ஒப்பந்தம் 1928-இல் முடிந்தது. 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். மர்ரே டி (T) எழுத்தில் இருந்தபோதே 1915-இல் இறந்துவிட்டார். 1928 ஜூன் 6 அன்று லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் தடபுடலாக விருந்து. பிரதமர் பால்ட்வின் வந்து பேசினார். சுமார் 150 கனவான்கள் சாப்பிட்டார்கள். பெண்களுக்குப் பந்தி கிடையாது. மூன்று பேருக்கு மட்டும் மாடத்தில் உட்கார்ந்து ஆண்கள் சாப்பிடுவதைப் பார்க்க அனுமதி. ஒருத்தி மர்ரேயின் மகள் ராஸ்ஃப்ரித். இன்னொருத்தி, மர்ரேயின் சக ஆசிரியர் பிராட்லியின் மகள் எலினோர். இருவரும் பல ஆண்டுகள் அகராதி அலுவலகத்தில் உழைத்தவர்கள். மூன்றாமவர் எடித் தாம்ப்சன். எண்பது வயதை எட்டிய மூதாட்டி. இங்கிலாந்து வரலாறு எழுதியவர். முதல் தொகுதிக்கே அவரும் அவர் தங்கையுமாக 15,000 மேற்கோள் அனுப்பியிருந்தார்கள். பிறகு கடைசி எழுத்து வரைக்கும் மெய்ப்புத் திருத்தினார். கீழே கரண்டி பிடித்தவர்களில் எத்தனை பேர் ஒரு சீட்டாவது எழுதியிருப்பார்கள் என்று மாடத்திலிருந்து எண்ண அவருக்கு அவகாசம் இருந்தது.

கொலைசெய்துவிட்டு அடைபட்டிருந்தவருக்கு முன்னுரையில் இடம், மெய்ப்புத் திருத்திய மூதாட்டிக்கு மாடத்தில் இடம். மர்ரேயின் மொய் நோட்டு, பிரதமர் வந்த விருந்தைவிட நேர்மையானது. அகராதியின் முதல் படிகள் இரண்டையும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கும் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜுக்கும் கொடுத்தார்கள். இருவரும் ஒரு சீட்டும் அனுப்பியவர்கள் அல்லர்.

இந்த ஆக்ஸ்ஃபர்டு அகராதி இன்றைக்கும் பொதுமக்களிடம் மேற்கோள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் அனுப்பலாம். கூலி பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.