கடற்படைக்கு ஒரு வாழ்த்துமடல்

ஆராய்ச்சிக்கு அவசரம் ஆகாது என்பார்கள். அதை வாழ்ந்து காட்டியவர்களுக்கு மாலை போடுவதானால் முதல் மாலை ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைக்கே போக வேண்டும்.

எரிபொருளைச் சேமிக்க இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவர்களுடைய மேதைமை தெரியும். பேர்ள் ஹார்பருக்குப் பின்னால் ரெட் ஹில் என்ற குன்றைக் குடைந்து, 1940இல் தொடங்கி 1943க்குள் இருபது எரிபொருள் தொட்டிகளை உள்ளே கட்டி முடித்தார்கள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையே பக்கத்தில் நிறுத்தினாலும் தொட்டிதான் உயரம். ஒரு தொட்டியின் கொள்ளளவு 1 கோடியே 25 லட்சம் கேலன். எதிரி விமானங்களின் கண்ணில் படக்கூடாது என்பதுதான் நோக்கம். அது முழுமையாக நிறைவேறியது. பிற்காலத்தில் சொந்த அதிகாரிகளின் கண்ணிலும் எதுவும் படவில்லை. தொட்டிகளுக்கு அடியில் சுமார் 100 அடி ஆழத்தில் இருப்பது ஹொனலுலு நகரம் குடிக்கும் நிலத்தடி நீர். எண்ணெயையும் தண்ணீரையும் இத்தனை நெருக்கத்தில் குடிவைக்க எல்லோருக்கும் மனம் வராது.

சட்டமும் இவர்களைப் பெரியவர்களாகவே நடத்தியது. அதே அமெரிக்காவில் தெருமுனை பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர், தொட்டி கசிகிறதோ என்று சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். துளை போட்டு மண் எடுக்க வேண்டும், கண்காணிப்புக் கிணறு தோண்ட வேண்டும், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், மாதிரியைப் புட்டியில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். 1988இல் வந்த விதிகள் இப்படிச் சின்ன தொட்டிகளை விரட்டி விரட்டிப் பிடித்தன. இருந்த இடத்திலேயே கட்டிய ராட்சதத் தொட்டிகளுக்கோ கசிவுக் கண்காணிப்பிலிருந்து 2015 வரை விலக்கு. பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதையா?

அதற்காக அவர்கள் ஆராயவே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2000ஆம் ஆண்டையொட்டித் தொட்டிகளுக்கு அடியில் சாய்வாகத் துளையிட்டுப் பாறையை உருவிப் பார்த்தார்கள். பெரும்பாலான தொட்டிகளின் கீழே பாறையில் எண்ணெய்க் கறை இருந்தது. பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், தொட்டிகளைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். 2014 ஜனவரியில், பழுதுபார்த்துப் புதுசாக்கிய ஐந்தாம் எண் தொட்டியிலிருந்து சுமார் 27,000 கேலன் போனது. எச்சரிக்கை மணி அடிக்கத்தான் செய்தது. மணிதான் தப்பாக அடிக்கிறது என்று முடிவு செய்தார்கள். கருவியைவிட அனுபவத்தை நம்புவதும் ஒரு ஞானம்தான்.

பிறகு ஒப்பந்தம், கணினி மாதிரி, அறிக்கை, அறிக்கைக்கு விளக்கம். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பாறை அது, விரிசலும் பொந்துமாக இருக்கும். எண்ணெய் எந்தச் சந்தில் இறங்கும் என்று கணிப்பது உண்மையிலேயே கஷ்டம். அந்தக் கஷ்டத்தை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் தாங்கத் தயாராக இருந்தது கடற்படை. இதற்கிடையே தொட்டிகளில் எண்ணெய் இருந்தபடியே இருந்தது. காலித் தொட்டியை வைத்துக்கொண்டு கசிவை ஆராய முடியாதல்லவா?

இனி, கணக்கெழுதும் கலைக்கு வருவோம். 2021 மே 6 அன்று எரிபொருளை மாற்றும்போது குழாய் இணைப்பு ஒன்று பிரிந்தது. சிந்தியது 1,600 கேலன் சொச்சம், அதையும் கிட்டத்தட்ட முழுக்க அள்ளிவிட்டோம் என்று ஏட்டில் எழுதினார்கள். உண்மையில் ஏறக்குறைய 20,000 கேலன் எரிபொருள், தீயணைப்பு நுரையை வடிப்பதற்காகச் சுரங்கக் கூரையில் தொங்கிய பிளாஸ்டிக் குழாய்க்குள் போய் ஒளிந்திருந்தது. கனம் தாங்காமல் குழாய் தொய்ந்தது. அதன் கீழேதான் ஆட்கள் ஆறு மாதம் போய்வந்தார்கள். தலை நிமிர்ந்து பார்ப்பது அகந்தை என்று எண்ணியிருக்கலாம்.

நவம்பர் 20 அன்று சுரங்கத்துக்குள் ஓடும் வண்டி ஒன்று அந்தக் குழாயின் வால்வில் இடித்தது. எரிபொருள் ஒரு நாளுக்கும் மேலாகக் கொட்டியது. அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கடற்படையின் குடிநீர்க் கிணறு. அடுத்த வாரம், கடற்படைக் குடும்பங்களின் வீட்டுக் குழாயைத் திறந்தால் எண்ணெய் வாடை. குளித்த குழந்தைகளின் உடம்பில் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி. இத்தனை கண்காணிப்புக் கிணறுகள் சொல்லாததை அடுப்படியில் நின்ற பெண்களின் மூக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. செலவில்லாத இந்த ஆய்வுமுறையைக் கண்டுபிடித்த பெருமையும் கடற்படைக்கே. தண்ணீர் பாதுகாப்பற்றது என்பதற்கு உடனடி அறிகுறி இல்லை என்றது நிர்வாகம்; நானும் குடிக்கிறேன் என்றார் தளத் தளபதி. மாநில சுகாதாரத் துறை சோதித்ததில் அந்தக் கிணற்று நீரில் டீசல் வகை எண்ணெய் அனுமதித்த அளவைப்போல் 350 மடங்கு வரை இருந்தது. அந்தக் குழாய்களை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். தளபதி பிறகு மன்னிப்புக் கேட்டார். அவரையும் பாராட்டியாக வேண்டும்.

நகரக் குடிநீர் வாரியம் பயந்துபோய்த் தன்னுடைய ஹாலவா கிணற்றையும் மூடியது. 10 சதவீதம் தண்ணீரைக் குறைத்துப் புழங்குங்கள் என்று ஊரைக் கேட்டுக்கொண்டது. நீர்ச் சிக்கனத்தை ஒரு நகரத்துக்கே கற்றுக்கொடுத்ததற்கும் கடற்படைக்கு நன்றி உரித்தாகுக. தொட்டிகளைக் காலி செய்யச் சொன்ன மாநில அரசின் ஆணையை எதிர்த்து வழக்காடிய பிறகே, 2022 மார்ச்சில் பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் நிரந்தரமாக மூடச் சொன்னார்.

தண்டனையும் உண்டு. 2023இல் மூன்று ரியர் அட்மிரல்களுக்குக் கண்டனக் கடிதம் போனது. மூவரும் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள். அந்த நடவடிக்கையில் யாருக்கும் வேலை போகவில்லை.

மலைக்குள் இருந்த எண்ணெயை உடனே இறக்கவும் முடியவில்லை. இருந்த குழாய்களை நம்பி இறக்கினால் மறுபடி கொட்டிவிடும் என்று முதலில் அவற்றைப் பழுதுபார்த்தார்கள். நூற்றுக்கணக்கான பழுதுகள். எண்பது ஆண்டு எண்ணெய் ஓடியபோது கிடைக்காத கவனிப்பு, எண்ணெய் புறப்படும் நேரத்தில் கிடைத்தது. நன்றாகச் செப்பனிட்ட அந்தக் குழாய்களை இப்போது கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.