தூத்துக்குடித் திறப்பு

சென்ற ஞாயிறன்று நம் ஊரில் நடந்த சிறுவர் சதுரங்கப் போட்டியில், ஒரு சிறுமி ராஜாவின் முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள, எதிரே இருந்த பையன் ராணிக்குப் பக்கத்து மந்திரியின் முன் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்த, சன்னலோரம் என் அருகே நின்ற பெரியவர் “காரோ-கான்!” என்று பிரகடனம் செய்தார். அந்த க்ஷணம் மூண்ட எரிச்சல் இன்னும் தணியவில்லை. அதே பெயரைச் சொல்ல நானும் வாயைத் திறந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

2025 மார்ச்சில், மாண்டிநீக்ரோவின் பெத்ரோவாக் நகரில், சென்னையைச் சேர்ந்த பிரணவ் 11 சுற்றுகளில் 9 புள்ளிகள் பெற்று, 1987-இல் பாகியோவில் ஆனந்த் வென்ற அதே உலக ஜூனியர் பட்டத்தைக் கைப்பற்றிய ரகசியத்தை விளக்கவே பேனாவை எடுத்தேன். அதற்கு முன் சதுரங்கத் திறப்புகளின் பெயர்களைப் பற்றிச் சிறிது பிரஸ்தாபிக்க அனுமதிக்க வேண்டும்.

காரோ, கான் என்ற இருவர் 1886-இல் ஆராய்ந்ததற்கு ஒரு திறப்பு, சிசிலித் தீவுக்கு ஒன்று, வியன்னாவுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, பிலிடோர் என்ற சங்கீத வித்துவானுக்கும் ஒன்று. 1850-களில் மகேசசந்திரர் கல்கத்தாவில் காக்ரேன் துரையோடு ஆடிய புண்ணியத்தால் தேசத்துக்கு ‘இந்தியத் தற்காப்பு’ வாய்த்தது. 1561-இல் ரூய் லோபஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் சதுரங்க நூல் வெளியிட்டு அழியாப் பெயர் பெற்றபோது, நம் கரையில் போர்த்துகீசியர் முத்துக்களை எண்ணிக்கொண்டிருந்தார்களேயொழிய, தூத்துக்குடியின் பெயரில் ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தவில்லை.

ஆகவே நானே ஒன்றைச் சமைத்தேன். தூத்துக்குடித் திறப்பில், ஆடுகிறவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கும் முத்துக்குளிப்பவராவார். மேலே தோணியில் கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராகவே இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் பழைய வழக்கு. தங்கையின் தாலி பத்திரமாக இருக்க வேண்டுமென்ற கவலையில் அவர் வாய் திறவார். இப்போதோ தோணி நிறைய மைத்துனர்கள், ஆளுக்கொரு கைப்பேசி, அதில் ‘ஸ்டாக்ஃபிஷ்’ என்ற சதுரங்க மென்பொருள் ஆட்ட நிலவரத்துக்குச் சொல்லும் தசமத்தைக் கண்டதும், அடியில் குழந்தை சிப்பியைத் தொடுமுன் எல்லோரும் கயிற்றை இழுக்கிறார்கள், வெறுங்கையோடு மேலே வந்த குழந்தைக்குத் தகப்பனார் வாசலிலேயே வியாக்கியானம் நடத்துகிறார்.

நாற்பதாவது நகர்த்தல் வரையில் வாய் திறக்கும் பார்வையாளருக்கு அபராதம் விதிக்க வேண்டும். பிரணவின் ரகசியத்தை அடுத்த முறை சொல்கிறேன். அபராதத் தொகையை இரட்டிப்பாக்குவது குறித்துச் சங்கத்துக்கு ஒரு மகஜர் எழுத வேண்டியிருக்கிறது.