ஹெட்ட என்ன

களனி கங்கை கடலுக்கு வாய் திறக்கிற இடம் எங்கள் முகத்துவாரம். கித்துல்கலையில் பெய்த மழை, ஹங்வெல்லையில் எறிந்த செருப்பு, எல்லாவற்றையும் கொண்டுவந்து இங்கே கொட்டிவிட்டுத்தான் ஆறு ஓயும். சில நாள் மனிதரையும் கொண்டுவரும். ஆற்றுக்கு ஒளிக்கத் தெரியாது. அந்தக் கலையைப் படிக்க வேண்டுமென்றால் பொலிஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். வாங்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதில் ஓர் அம்மா இருப்பார். மடியில் பொலித்தீன் உறை. அதற்குள் பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைக் காலத்துப் படம் ஒன்று.

"ஐயா, என்ட பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"ஹெட்ட என்ன."

நாளைக்கு வா என்று அர்த்தம். அம்மா தமிழில் 'என்ன' என்கிறார். ஐயா சிங்களத்தில் 'என்ன' என்கிறார். இரண்டு இனமும் ஒரே சொல்லைப் பேசுகின்றன. நல்லிணக்க அமைச்சு கவனத்தில் எடுக்கலாம். மூன்றாம் முறை போனால் ஒரு தாளை நீட்டுவார்கள். அவர் கொடுத்த வாக்குமூலமாம், கையெழுத்து வைக்கட்டுமாம். முழுக்கச் சிங்களம். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். அதுவும் விசாரணையில் இருக்கிறது போலும், இந்த மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நியாயத்தையும் பேசிவிடுவோம். சந்தேக மரணம் என்றால் பொலிஸ் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டக் கூடாதுதான். கயிறு என்ன நிறம், வெட்டு எந்தப் பக்கம், சட்டைப் பையில் என்ன இருந்தது என்று சிலதை வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும். நாளைக்கு ஒருவன் "நான்தான் செய்தேன்" என்றால், செய்ததால் சொல்கிறானா, அடிக்குப் பயந்து சொல்கிறானா என்று உரைத்துப் பார்க்க அதுதான் கல். ஒரு சாட்சி சொன்னதைப் பத்திரிகையில் படித்துவிட்டு மற்றவர் வந்து ஒப்புவிக்கவும் கூடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பாரதூரமான பங்கம் வருமென்றால் தகவலை மறுக்கலாம் என்கிறது. பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுத்தே ஆகவேண்டும் என்றும் அதே பிரிவில் கொஞ்சம் கீழே இருக்கிறது. அந்த வரி வரும்போது ஐயாமாருக்குத் தேத்தண்ணி நேரம்.

ஆக, கொலைகாரனுக்கும் பொலிஸுக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய விவரம் என்று ஒன்று உண்டு. ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கொள்கையை எங்கள் ஆட்கள் காத்த மாதிரி வேறு யார் காத்தார்கள்?

2009 ஜனவரி 8. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க அத்திடியவில் தன் காருக்குள்ளேயே தாக்கப்பட்டார், அன்றே இறந்தார். தன்னைப் பின்தொடர்ந்த மோட்டார் சைக்கிள்களின் இலக்கங்களைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தார் என்று பின்னாளில் சி.ஐ.டி. சொன்னது. சாகப்போகிற மனிதன் பொலிஸுக்காகச் செய்து வைத்துவிட்டுப் போன பாதி விசாரணை அது. அந்தப் புத்தகம் காணாமல் போனது. கறையான் தின்னவில்லை, வெள்ளம் அள்ளவில்லை. பொலிஸின் கையில் இருந்து போனது. சுட்டார்களா குத்தினார்களா என்பதே முடிவாகாமல், 2016 செப்டெம்பரில் பொரளைக் கனத்தை மயானத்தில் உடலைத் தோண்டினார்கள். புத்தக விவகாரத்தில் முன்னாள் பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரும் கல்கிசைக் குற்றப் பிரிவின் முன்னாள் பொறுப்பதிகாரியும் 2018இல் கைதானார்கள். 2025 ஜனவரியில் அவர்களை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் ஆலோசனை எழுதினார். ஊர் கொதித்ததும் பெப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார். புத்தகம்? ஹெட்ட என்ன.

பொலிஸ் எப்போதும் ஊமை என்றும் சொல்லக் கூடாது, பாவம். அதே 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனைத் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பிடிபட்ட இருவர் பொலிஸாரின் சூட்டில் செத்தார்கள். அப்போது வாய் எவ்வளவு வேகமாகத் திறந்தது! ஆயுதத்தைக் காட்டக் கூட்டிப்போனோம், எங்கள் துப்பாக்கியைப் பறிக்கப் பார்த்தார்கள், சுட்டோம். 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தையில் பாதாள உலகப் புள்ளி மாக்கந்துரே மதூஷ் பொலிஸ் காவலில் செத்தபோதும் ஏதோ ஒன்றைத் தேடிக் கூட்டிப்போன கதைதான். தேடுகிற சாமான் மாறும், கதை மாறாது. இங்கே பிரேதப் பரிசோதனைக்கும் காத்திருப்பதில்லை. விசாரணைக்குப் பங்கம் என்ற பயமும் இல்லை.

2022 டிசெம்பர் 15ஆம் திகதி, வர்த்தகர் தினேஷ் ஷாஃப்டர் அதே பொரளைக் கனத்தையில் காருக்குள் கைகள் கட்டப்பட்டுக் கிடந்தார். குடும்பம் விடை தேடி அலைய, சயனைட்டு, தற்கொலை என்று நாளொரு கதை ஊடகங்களுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. புதைத்த உடலைத் தோண்டி, நிபுணர் குழு பார்த்து, கழுத்தையும் முகத்தையும் அழுத்தியதால் வந்த மரணம், இது குற்றம் என்று நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பர் 1ஆம் திகதி. அந்தக் குடும்பத்துக்கு வசதியிருந்தது, சட்டத்தரணிகள் இருந்தார்கள். வாங்கில் இருக்கிற அம்மாவிடம் ஒரு பொலித்தீன் உறை இருக்கிறது.

அவர் வீட்டுக்குப் போய் எட்டு மணிச் செய்தியைப் போடுவார். பிள்ளை கடைசியாக நடந்த தெருவின் சிசிரிவி காட்சி அதில் ஓடும், மணி நிமிடத்தோடு, சிவப்பு வட்டத்தோடு. அடுத்த நாள் விடிந்ததும் மறுபடி வாங்கு.

"நேத்து டீவியில காட்டினாங்க ஐயா. அத எனக்கு ஒருக்கா முழுசா காட்ட ஏலாதா?"

"அது பார்க்க ஏலாது அம்மா. விசாரண கெட்டுப்போகும்."